மூன்று மணி நேரத்தில் இருபது நொடி

பந்தை உதைக்கிற வேலையில் இருப்பவன் சரியாக உதைத்தால் யாருக்கும் அவன் முகம் ஞாபகம் இருக்காது. தப்பாக உதைத்தால் ஒருவரும் மறக்க மாட்டார்கள்.

இதைப் படிப்பவர்களில் கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் பார்ப்பவர், லிஃப்ட் ரிப்பேர் செய்பவர், மேடைக்கு மைக் செட் போடுபவர் யாராவது இருந்தால், நாமெல்லாம் ஒரே கட்சி. நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்போம். நம்மைக் கூப்பிடும் அந்த ஒரு நிமிஷம் ஊரே திரும்பிப் பார்க்கும்.

நான் எட்டாவது வரை படித்தவன். பல்லாவரம் பக்கம் ஒரு ஸ்பிரிங் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் அளவு பார்க்கும் வேலை செய்தேன். ஓய்வுக்குப் பிறகு இரும்புலியூரில் வாடகைக்கு விடும் ஒரு மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறேன். புல் வெட்டுவது, தண்ணீர் விடுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் அங்கே அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறார்கள். இரண்டு பக்கமும் கூரான, நீண்ட பந்து. அதைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். எதிரணி மேலே விழுந்து அமுக்கும். பேர்தான் ஃபுட்பால். அதைக் காலால் உதைப்பதற்கென்று அணிக்கு ஒரே ஒரு ஆள். எங்கள் அணியில் அது நான். வயது அறுபத்தொன்று.

மைதானத்தின் கோடியில் இரண்டு சவுக்குக் கம்பம் நட்டு, பத்தடி உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பு கட்டியிருக்கும். பிள்ளைகளால் பந்தோடு கடைசிக் கோடு வரை ஓடிப்போய்ச் சேர முடியாதபோது, ஒருவன் பந்தைத் தரையில் விரலால் நிறுத்திப் பிடிப்பான். நான் ஓடி வந்து, குறுக்குக் கம்புக்கு மேலே, இரண்டு கம்பத்துக்கும் நடுவில் போகும்படி உதைக்க வேண்டும். போனால் மூன்று புள்ளி.

அணியில் மற்றவர்கள் எல்லாரும் மாதச் சந்தா கட்டி ஆடுகிறார்கள். சம்பளமும் டிபனும் வாங்கி ஆடுகிறவன் நான் ஒருவன்தான். அதாவது எங்கள் அணியின் ஒரே தொழில்முறை ஆட்டக்காரன் நான். வேலையை விட்டு எடுக்கக்கூடியதும் என் ஒருவனைத்தான். பட்டறையில் முப்பத்தொரு வருஷம் சரியாக அளந்ததற்கு யாரும் கை தட்டியதில்லை. இங்கே தட்டுகிறார்கள். அதனால் இந்த வேலை போய்விடக் கூடாதே என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் கவலைப்படுவேன்.

சுண்ணாம்பு வாளி

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, ஓரக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கேப்டன் பிரவீன் கம்பங்களைப் பார்த்து உதைத்துப் பழகிக்கொண்டிருந்தார். எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க வராது. ஒன்பது உதை, உள்ளே போனது இரண்டு. பத்தாவது கம்பத்தைத் தாண்டி உருண்டு என்னிடம் வந்தது. கையால் எறிந்திருக்கலாம். வலது கை முழுக்கச் சுண்ணாம்பு, இடது கையில் வாளி. பந்து வெள்ளையாகிவிடும் என்று, அதை ஒரு மண்கட்டியில் சாய்த்து வைத்து, பட்டறையின் சாதாரண ஃபுட்பால் டீமில் பின்வரிசையில் ஆடிய காலத்து வழக்கப்படி ஒரு உதை விட்டேன். அது எதிர்ப்பக்கத்திலிருந்தே இரண்டு கம்பத்துக்கும் நடுவில் புகுந்து பிரவீன் காலடியில் போய் விழுந்தது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. குனிந்து கோட்டைப் போடத் தொடங்கினேன். பந்தைப் பிடித்து நிறுத்தும் டேனியல் என்ற ஆறடி உயரத் தாம்பரத்துப் பிள்ளை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேப்டனிடம் சொன்னது இது: “மச்சான், அண்ணன் வாளியோடவே உதைக்கிறாரு. நீ போய் அந்த வாளிய வாங்கிக்க, அவரு உதைக்கட்டும்.”

இரண்டு தலையணை

சேர்ந்த அன்றே ஒரு ஹெல்மெட்டும் தோளுக்கு மாட்டும் பெரிய கவசமும் கொடுத்தார்கள். எதையும் போட்டுப் பார்க்காமல் வேலைக்குப் போகிறவன் நான் இல்லை. வீட்டில் மாட்டிப் பார்த்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஹெல்மெட்டை இறக்கினால் கண்ணாடி மூக்கில் அழுந்துகிறது. ஹெல்மெட்டை முதலில் மாட்டிக்கொண்டு, முன்கம்பி வழியாகக் கண்ணாடியை நுழைத்து, ஒவ்வொரு காதாகத் தேட வேண்டும். ஐந்தாவது முயற்சியில் வந்தது. நாலு நிமிஷம் ஆகிறது.

என் மனைவி வசந்தா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தாள். “எத்தினி பேரு மேல வுழுவாங்க?” என்று கேட்டாள். “என் மேல விழவே கூடாது. உதைக்கிறவன் மேல விழுந்தா அவங்க டீமுக்குத் தண்டனை, ரூல் அப்படி” என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் தோள்களை ஒரு முறை தட்டிப் பார்த்தாள். “யாரும் மேல வுழக் கூடாதுன்னா, அப்புறம் இன்னாத்துக்கு ரெண்டு தலகாணிய கட்டிகினு கீற?”

டீக்காரர் சந்தேகம்

ஒரு ஆட்டம் இடைவேளையெல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம். அதில் எனக்கு ஐந்து அல்லது ஆறு உதை. ஓடத் தொடங்குவதிலிருந்து பந்து காலை விட்டுப் போகும் வரை கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொள்ளும்படி ஓரத்தில் நிற்கும் ஒரு பிள்ளையிடம் சொல்லியிருந்தேன். எல்லா உதையும் சேர்த்தால் இருபது நொடி. மீதி நேரம் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பேன். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. கண்ணாடி மாட்ட நாலு நிமிஷம் வேண்டுமென்பதால் ஹெல்மெட்டைக் கழற்றுவதும் இல்லை. திரும்பிப் பேச முடியாது, காது பாதி கேட்காது. கூச்சப்படுகிறவனுக்கு அது ஒரு வசதிதான்.

சைக்கிளில் டீ கொண்டுவருபவர் நாலு வாரம் என்னைப் பார்த்திருக்கிறார். ஐந்தாவது வாரம் பக்கத்தில் வந்து, முன்கம்பி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். “பெரியவரே, நீ ஆட்டத்துல கீறியா, இல்ல பசங்க பைக்குக்கு காவலா?” ஆட்டத்தில்தான் என்றேன். அவர் நம்பவில்லை. டீயைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “காவலுக்கு நிக்கிறவன்கூட அப்பப்ப எழுந்து நடப்பான்.”

பூட்ஸும் பந்தும்

ஆரம்பத்தில் நான் உதைத்தது பட்டறையில் கொடுத்த சேஃப்டி ஷூவில். விரல் பக்கம் உள்ளே இரும்புத் தகடு இருக்கும். நான் பக்கவாட்டில் உதைக்கத் தெரியாதவன். நேராக, கால்விரல் நுனியால்தான் உதைப்பேன். அதற்கு அந்த ஷூ மிகவும் ஒத்துழைத்தது. மேடவாக்கம் அணியோடு ஆடியபோது அவர்கள் கேப்டன் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். நடுவர், பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர், மண்டியிட்டு என் ஷூவின் மூக்கைக் கட்டை விரலால் அமுக்கினார். அமுங்கவில்லை. கழற்றச் சொல்லிவிட்டார்.

மாற்று ஷூ கிடையாது. டேனியல் தன்னுடையதைக் கொடுத்தான். என் அளவு ஏழு, அவனுடையது பன்னிரண்டு. இரண்டு ஜோடி சாக்ஸும் பேப்பர்த் தாள் மூன்றும் திணித்தோம். ஓடினேன், உதைத்தேன். பந்து தாழ்வாகப் போய்க் குறுக்குக் கம்புக்குக் கீழே நுழைந்தது. ஷூ காலை விட்டுக் கிளம்பி, பேப்பரை உதிர்த்துக்கொண்டே, இரண்டு கம்பத்துக்கும் சரியாக நடுவில், குறுக்குக் கம்புக்கு மேலே போயிற்று. நடுவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இரண்டு அணிக்கும் கேட்கும்படி அறிவித்தார்: “பந்து அவுட். ஷூ உள்ள போயிருக்கு, ஆனா அதுக்கு பாயிண்ட் இல்ல.”

எதிரணிக்காரரின் உதவி

உதைக்கப் போகிறவனிடம் அவன் அணிக்காரர்கள் பேசக் கூடாது என்பது இந்த ஆட்டத்தில் வழக்கம். கவனம் கலையுமாம். எதிரணி மட்டும் பேசலாம், பேசும். “அங்கிள், பீச் டிரெயின் கெளம்பிடுச்சு, ஓடுங்க.” “அங்கிள், தைலம் கொண்டாந்தீங்களா?” மூன்று வருஷத்தில் நான் ஒருவருக்கும் பதில் சொன்னதில்லை. பதில் தோன்றுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

ஒரு நாள் எதிரில் நின்ற தாடிக்காரப் பிள்ளை, “அங்கிள், லேசு அவுந்துகினு கீது பாருங்க” என்றார். பார்த்தேன். அவிழ்ந்துதான் இருந்தது. குனிந்து இரட்டை முடிச்சு போட்டு, நேர் பின்னால் மூன்று எட்டு எண்ணி நின்று, ஓடி உதைத்தேன். உள்ளே போயிற்று. அந்த மூன்று புள்ளியில்தான் ஜெயித்தோம். ஆட்டம் முடிந்ததும் அவரைத் தேடிப்போய், நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் தடுக்கி விழுந்திருப்பேன் தம்பி, ரொம்ப நன்றி என்றேன். அவர் தன் அணிக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்: “அங்கிள், நான் சும்மா அள்ளி வுட்டேன். நன்றிய கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, எங்க கேப்டன் காதுல வுழப் போவுது.”

காரணம் இல்லை

என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. தேதி, தூரம், காற்று, உள்ளே அல்லது வெளியே, வெளியே என்றால் காரணம். போன மழைக்காலம் முடிந்ததும் தொடர்ந்து மூன்று வெளியே போயின. முதலாவதற்குக் காரணம் காற்று. இரண்டாவதற்கு, கம்பத்தைப் பார்த்திருக்க வேண்டிய பந்தின் தையல் என் பக்கம் திரும்பியிருந்தது. அதைப் பிடித்தவன் டேனியல். மூன்றாவதற்கு எவ்வளவு யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை. ‘காரணம் இல்லை’ என்று எழுதினேன்.

பிரவீன் என்னை மோட்டார் ரூம் ஓரமாக அழைத்துப் போனார். மரியாதையான பிள்ளை, என் முகத்தைப் பார்க்காமல் சுவிட்ச் போர்டைப் பார்த்துப் பேசினார். “அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஆஃபீஸ்ல கார்த்திக்னு ஒருத்தன் இருக்கான். இருபத்தாறு வயசு. காலேஜ் டீம்ல ஃபுட்பால் ஆடினவன்.”

“பத்துக்கு எத்தனை உள்ளே போடுவார்?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் தெரியல அண்ணா. அடுத்த மேட்ச் கீழ்க்கட்டளையில. நீங்கதான் உதைக்கறீங்க. அதுலயும் மிஸ் ஆச்சுன்னா, அதுக்கு அடுத்த வாரம் அவனை வரச் சொல்லலாம்னு பசங்க சொல்றாங்க.”

சரி என்றேன். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது டேனியல் என் நோட்டை வாங்கிப் பார்த்தான். அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தான். “அண்ணா, காரணம் இல்லன்னு எழுதாதீங்க. அதுக்கும் என் பேரையே போட்டுக்குங்க. என்னை எப்படித் தூக்குவாங்க, நான் சந்தா கட்றவன்.”

ஏழு அங்குலம்

எந்த மைதானத்துக்குப் போனாலும் நான் டேப் எடுத்துப்போவேன். கம்பத்துக்குக் கம்பம் பதினெட்டரை அடி இருக்க வேண்டும். கீழ்க்கட்டளையில் ஒரு கோடி சரியாக இருந்தது. மறு கோடி பத்தொன்பதடி ஓரங்குலம். இரண்டு முறை அளந்தேன். டேப் பொய் சொல்லவில்லை. ஏழு அங்குலம் அதிகம்.

டேனியலிடம் சொன்னேன். அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். “அகலமா இருந்தா நல்லதுதானே அண்ணா.”

“அவங்களுக்கும் அகலம்தானே?”

“அவங்க உதைக்கிற ஆளு வரல. அக்கா வீட்டு விசேஷத்துக்கு ஊருக்குப் போயிட்டானாம். அந்த ஏழு இன்ச்சும் நமக்குத்தான். அண்ணா, இன்னிக்கு மட்டும் வாயத் திறக்காதீங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன்.”

அவன் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. வேலை போவதும் இருப்பதும் அன்றைக்குத்தான். ஓரத்தில் போய் உட்கார்ந்தும் விட்டேன். ஆனால் அந்தக் கோடியில் ஒரு பந்து உள்ளே போனால் நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று யோசித்தேன். உள்ளே என்று எழுத முடியாது, வெளியே என்றும் எழுத முடியாது. பதினோரு நிமிஷம் தாங்கினேன். எழுந்துபோய் நடுவரிடம் சொல்லிவிட்டேன்.

ஆட்டம் நாற்பது நிமிஷம் தள்ளிப்போயிற்று. அந்த மைதானத்துக்காரர் கடப்பாறையோடு வந்து, எந்தக் கம்பத்தை நகர்த்துவது என்று என்னிடமே கேட்டார். வலது பக்கம் மண் இளகலாக இருந்தது. வலது கம்பத்தைக் காட்டினேன். குழியை வெட்டி, கம்பத்தை ஏழு அங்குலம் உள்ளே தள்ளி நட்டு, கல் போட்டுக் கெட்டித்தார். நான் நூல் கட்டித் தொங்கவிட்டு நேராக நிற்கிறதா என்று பார்த்தேன். இரண்டு அணியும் வெயிலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் அணியின் பார்வைதான் அதிகம் சுட்டது.

ஆட்டத்தின் கடைசி நிமிஷம். இரண்டு புள்ளி பின்னால் இருக்கிறோம். உதைத்தால் மூன்று. அந்தக் கோடியேதான். முப்பது கெஜம். காற்று இல்லை. டேனியல் தையலை முன்பக்கம் திருப்பிப் பந்தைச் சுத்தமாக நிறுத்தினான். நானும் சுத்தமாகத்தான் உதைத்தேன். பந்து உயரமாகப் போய், கடைசியில் கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து, வலது கம்பத்தில் டங்கென்று பட்டு வெளியே விழுந்தது.

கம்பத்தில் செம்மண் தடம் இருந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். கம்பம் பழைய இடத்தில் இருந்திருந்தால் பந்து அதைத் தொடாமலே உள்ளே போயிருக்கும். மூன்று அங்குலமாவது இடம் மிச்சம் இருந்திருக்கும். யாரும் என்னிடம் பேசவில்லை. உதைத்த பிறகும் பேசக் கூடாது என்று ஒரு வழக்கம் அன்றைக்குப் புதிதாக வந்தது. டேனியல் மட்டும் பக்கத்தில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அவனும் அண்ணாந்து பார்த்தான். “நகர்த்துனதே நகர்த்துனீங்க அண்ணா, அந்த லெஃப்ட்டு கம்பத்த நகர்த்தியிருக்கக் கூடாதா?”

புதிய ஆள்

அடுத்த ஞாயிறு கார்த்திக் வந்தார். நான் வழக்கம்போல் கோடு போட்டு, கம்பம் நட்டு, அளந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். ஹெல்மெட் இல்லாததால் காது நன்றாகக் கேட்டது. அது ஒன்றுதான் கஷ்டமாக இருந்தது. பயிற்சியில் அவர் பன்னிரண்டு உதைத்தார், பதினொன்று உள்ளே. நான் எந்தக் காலத்திலும் அப்படி உதைத்ததில்லை. மனசு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் நோட்டில் எழுதினேன். பந்து போன சத்தமே வேறாக இருந்தது.

ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. கார்த்திக் என் நாற்காலியில் உட்கார்ந்தார். ஏழரைக்கு எழுந்து நடந்தார். எட்டு மணிக்கு பிரவீனிடம் போய் ஏதோ கேட்டுவிட்டு வந்தார். எட்டேகாலுக்கு ஹெல்மெட்டைக் கழற்றி போனைப் பார்த்தார். அன்றைக்குப் பார்த்து எங்கள் பிள்ளைகள் நன்றாக ஓடினார்கள். எட்டே முக்காலுக்கு ஒரே ஒரு உதை கிடைத்தது. முப்பத்தைந்து கெஜம், சரியாக நடுவில் போட்டார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். திரும்பி வந்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் அதற்கப்புறம் ஒருவரும் வரவில்லை.

பத்து மணிக்கு ஆட்டம் முடிந்ததும் அவர் ஹெல்மெட்டை பிரவீன் கையில் கொடுத்தார். “ப்ரோ, மூணு மணி நேரத்துக்கு ஒரே ஒரு கிக்கா? என்னை ஓடற பொசிஷன்ல போடு, டெய்லிகூட வரேன். இதுக்குன்னா ஆளை விடு.” ஓடுகிற இடங்களுக்கெல்லாம் சந்தா கட்டியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று பிரவீன் சொல்லிப் பார்த்தார். கார்த்திக் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்த இடத்துக்கு பிரவீன் வந்து, ஹெல்மெட்டைப் புல் மேல் வைத்தார். “அண்ணா, அடுத்த வாரம் ஷூ எடுத்துட்டு வந்துருங்க. ஒண்ணே ஒண்ணு. வெளியூர் கிரவுண்டுக்குப் போறப்போ டேப்ப எங்கிட்ட குடுத்துருங்க.”

ஆக, நூற்று நாற்பத்து மூன்று உதையில் இருபத்தைந்தை வெளியே விட்டவன் இன்னும் இந்த வேலையில் இருக்கிறேன் என்றால், அது நான் உதைக்கிற லட்சணத்துக்காக இல்லை, வேறு எவனாலும் அந்த நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார முடியவில்லை என்பதற்காகத்தான்.